கோடைக்காலப் பொதுநல ஃபெலோஷிப்: அமெரிக்க லா ஸ்கூல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் எனக்கு மெசேஜ்கள் வரத் தொடங்கிவிடும். அக்கா, முதல் வருஷம் படிக்கிறேன், கோடைக்கு ஏதோ ஃபெலோஷிப் இருக்கிறதாமே என்று ஆரம்பிப்பார்கள், பேச்சு அப்படியே விசா, வரி, வீட்டில் அப்பாவைச் சமாளிப்பது வரை போகும். நான் அமெரிக்காவில் ஜே.டி. என்ற மூன்று வருஷச் சட்டப் படிப்பு படித்தபோது இரண்டு கோடையும் இலவச சட்ட உதவி அலுவலகங்களில்தான் கழிந்தன. மூன்றாம் வருஷம் எங்கள் லா ஸ்கூலில் ஃபெலோஷிப் விண்ணப்பங்களைப் படிக்கும் மாணவர் குழுவிலும் இருந்தேன். அதனால் விண்ணப்பிப்பவர் படும் பாடும் தெரியும், படிப்பவர் எதைத் தேடுகிறார் என்பதும் தெரியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபெலோஷிப்னா என்னக்கா? ஸ்காலர்ஷிப்பா, வேலையா, இன்டர்ன்ஷிப்பா?

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ முடிந்த கோடையில், லீகல் எய்ட் எனும் இலவச சட்ட உதவி அலுவலகம், வசதியில்லாதவர்களுக்காகக் குற்ற வழக்கில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம், குடியேறிகள் உரிமை அமைப்பு, அரசுத் துறை இப்படி ஏதாவது ஓர் இடத்தில் எட்டு முதல் பத்து வாரம் முழுநேரம் வேலை பார்க்கிறீர்கள். அந்த இடம் பெரும்பாலும் சம்பளம் தராது. அந்த வாரங்களுக்கு வாடகையும் சாப்பாடும் ஓட வேண்டுமே, அதற்காக வேறொருவர், அநேகமாக உங்கள் லா ஸ்கூலே, ஒரு தொகை தருகிறது. அந்தத் தொகைக்குத்தான் ஃபெலோஷிப் என்று பெயர்.

ஆக, வேலை ஓரிடத்திலிருந்து வருகிறது, பணம் இன்னோரிடத்திலிருந்து வருகிறது. விண்ணப்பமும் தனித்தனி, கடைசித் தேதியும் தனித்தனி. எனக்கு வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவைதான்.

வேலை வாங்கிட்டு அந்த ஆபீஸ் பணம் தராம இருக்கறது சட்டப்படி சரியா?

தனியார் கம்பெனியோ தனியார் சட்ட நிறுவனமோ அப்படிச் செய்தால் தொழிலாளர் சட்டப்படி கடினமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லாப நோக்கமில்லாத அமைப்புக்கும் அரசு அலுவலகத்துக்கும், சம்பளத்தை எதிர்பார்க்காமல் தொண்டராக ஒருவர் வேலை செய்யப் பொதுவாகச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அவர்கள் ஏன் தருவதில்லை என்றால், தருவதற்கு இல்லை. குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே ஒரு வழக்கறிஞரை வைத்துத் தர வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, சம்பள பாக்கி, நாடு கடத்தல் விசாரணை இதிலெல்லாம் நாடு முழுவதற்குமான அப்படி ஓர் உரிமை கிடையாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் லீகல் எய்ட் அலுவலகங்கள் இருக்கின்றன. வருகிற ஆட்களில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே ஓடுகிற இடங்கள் அவை. அங்கே இரண்டு மாதம் ஒரு மாணவர் கூடுதலாக உட்கார்ந்தால், திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய சிலரை உள்ளே கூப்பிட முடிகிறது.

எவ்வளவு கிடைக்கும்? அதுல வாழ முடியுமா?

சில ஆயிரம் டாலர். லா ஸ்கூலுக்கு லா ஸ்கூல் மாறும், முதல் கோடைக்கும் இரண்டாம் கோடைக்கும்கூட வித்தியாசம் வைப்பார்கள். கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள்: 5,000 டாலர் கிடைக்கிறது, பத்து வாரம், வாரம் 40 மணி நேரம் என்றால் மணிக்கு 12.50 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். நியூயார்க்கிலோ சான் ஃபிரான்சிஸ்கோவிலோ தனி அறை எடுத்து இதில் தாக்குப்பிடிக்க முடியாது. அறையைப் பகிர்ந்துகொள்வது, சொந்தக்காரர் வீட்டில் தங்குவது, வாடகை குறைவான ஊரில் வேலை தேடுவது என்று ஏதாவது ஒரு வழியை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

இன்னொன்று, பணம் வரும் தேதியைக் கட்டாயம் கேளுங்கள். சில இடங்களில் மே மாதக் கடைசியில் மொத்தமாக வரும், சில இடங்களில் வேலை தொடங்கி இரண்டு வாரம் கழித்துத் தவணையாக வரும். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் அதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும். நான் முதல் கோடையில் இதைக் கேட்காமல் விட்டு, 18 நாள் தோழியின் சோஃபாவில் படுத்தேன்.

பணம் யார் தர்றாங்க? எங்க தேடறது?

முதலில் உங்கள் லா ஸ்கூலிலேயே தேடுங்கள். என்.ஒய்.யூ. (நியூயார்க் பல்கலைக்கழகம்) போன்ற சில இடங்களில் பொதுநல வேலைக்குப் போகும் முதல், இரண்டாம் வருஷ மாணவர்களுக்குக் கோடைத் தொகை உறுதி. விதிமுறையைச் சரியாக முடித்தால் போதும். வேறு பல இடங்களில் போட்டி உண்டு, விண்ணப்பத்தைக் குழு படித்துத்தான் தேர்ந்தெடுக்கும். பல லா ஸ்கூல்களில் மாணவர்களே நடத்தும் பொதுநல நிதிச் சங்கம் ஒன்று இருக்கும். வருஷம் ஒருமுறை ஏலம் நடத்திப் பணம் திரட்டுவார்கள், பேராசிரியர் வீட்டு விருந்து ஏலத்துக்கு வரும். அந்தச் சங்கத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்தவர்களுக்கே தொகை என்று சில இடங்களில் விதி இருக்கும். இது தெரியாமல் மார்ச்சில் வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு, அதனால் செப்டம்பரிலேயே போய் விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது ஃபெடரல் வொர்க்-ஸ்டடி, அதாவது மாணவர்கள் பார்க்கும் வேலைக்கு மத்திய அரசு தரும் நிதி. ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பி, பணத் தேவை இருப்பதாகத் தெரிந்தால், லாப நோக்கமில்லாத அமைப்பில் வேலை செய்வதற்கும் அதைப் பயன்படுத்த சில லா ஸ்கூல்கள் அனுமதிக்கும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

வெளியிலும் இருக்கிறது. தொழிலாளர் சட்டத்தில் ஆர்வம் என்றால் பெக்கி பிரவுனிங் ஃபண்ட், கிராமப்புற லீகல் எய்டுக்கு ஈக்வல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ் அமைப்பு தொடங்கிய ரூரல் சம்மர் லீகல் கார்ப்ஸ், நேஷனல் லாயர்ஸ் கில்டின் ஹேவுட் பர்ன்ஸ் ஃபெலோஷிப். தெற்காசிய வழக்கறிஞர் சங்கங்கள் சிலவும் தருகின்றன, நம் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. வேலைகளையும் ஃபெலோஷிப்களையும் சேர்த்துப் பார்க்க பிஎஸ்ஜேடி என்ற தளம் இருக்கிறது, உங்கள் கேரியர் ஆபீஸில் கேட்டால் கணக்கு தொடங்கச் சொல்லித் தருவார்கள்.

முதல்ல வேலை தேடணுமா, முதல்ல ஃபெலோஷிப் வாங்கணுமா?

பெரும்பாலும் வேலைதான் முதலில். உங்களுக்கு இடம் தருவதாக அலுவலகம் எழுதிய கடிதம் இருந்தால்தான் பணத்துக்கான விண்ணப்பமே முழுமையாகும். வெளித் திட்டங்கள் சிலவற்றில் அவர்களே இடத்தையும் காட்டிவிடுவார்கள், அங்கே மட்டும் இந்த வரிசை மாறும்.

இன்டர்வியூவில் அலுவலகம் உங்களிடம், உங்கள் லா ஸ்கூலில் நிதி கிடைக்குமா என்று கேட்கும். தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்: கிடைக்கும், உறுதி, அல்லது விண்ணப்பித்திருக்கிறேன், ஏப்ரலில் தெரியும். பணம் கிடைக்காவிட்டால் வர முடியாது என்றால் அதையும் சொல்லிவிடலாம். இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் இது தினசரி விஷயம்.

எந்த மாசம் என்ன செய்யணும்?

முன்பு முதல் வருஷ மாணவர்கள் டிசம்பர் 1க்கு முன்னால் விண்ணப்பிக்கக் கூடாது என்று சட்ட வேலைவாய்ப்புக்கான தேசியச் சங்கமான நால்ப் அமைப்பின் வழிகாட்டு விதி இருந்தது. 2018இல் அது போய்விட்டது, இப்போது ஒவ்வொரு லா ஸ்கூலும் தன் தேதியைத் தானே வைத்துக்கொள்கிறது. என் அனுபவத்தில், அக்டோபரில் கேரியர் ஆபீஸில் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு, நன்றி அறிவிப்பு விடுமுறையில் ரெஸ்யூமேயையும் கவர் லெட்டரையும் முடித்து, செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு டிசம்பரில் அனுப்புவது நல்லது. பெரிய பெயருள்ள அமைப்புகள் ஜனவரிக்குள் முடித்துவிடும். உள்ளூர் லீகல் எய்ட் அலுவலகங்கள் மார்ச், ஏப்ரல் வரைகூட ஆள் எடுப்பார்கள், அதனால் பிப்ரவரியில் கையில் ஒன்றும் இல்லையே என்று உடைந்துபோக வேண்டாம்.

இரண்டாம் கோடைக்கு இன்னும் சீக்கிரம் தொடங்க வேண்டும். சில அமைப்புகள் முந்தைய ஆகஸ்டு, செப்டம்பரிலேயே விண்ணப்பம் வாங்குகின்றன.

எந்த ஆபீஸ் நல்லது? பெரிய பேர் இருக்கறதா, உள்ளூர் லீகல் எய்டா?

1920இல் தொடங்கிய குடிமை உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ., கறுப்பின மக்களின் உரிமைக்காக தர்குட் மார்ஷல் 1940இல் நிறுவிய எல்.டி.எஃப். மாதிரி இடங்களில் சட்டத்தையே மாற்றப் பார்க்கும் பெரிய வழக்குகள் நடக்கும். அங்கே உங்கள் கோடை பெரும்பாலும் ஆராய்ச்சியிலும் எழுத்திலும் போகும், கட்சிக்காரரை நேரில் பார்ப்பது அரிது. 1876 முதல் இருக்கும் நியூயார்க் லீகல் எய்ட் சொசைட்டி, கலிஃபோர்னியா ரூரல் லீகல் அசிஸ்டன்ஸ், உங்கள் ஊர் பப்ளிக் டிஃபெண்டர் இங்கெல்லாம் முதல் வாரமே ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். முதல் கோடைக்கு நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் எதைக் கேட்பது, எதை இப்போது கேட்கக் கூடாது என்பதை வகுப்பில் கற்றுத்தர முடியாது.

ஒரு நுணுக்கம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, லீகல் எய்டுக்கு மத்திய நிதி தரும் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனிடம் பணம் வாங்கும் அலுவலகங்கள், 1996 முதல் பலருக்காகச் சேர்த்துப் போடும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு போடக் கூடாது, ஆவணமில்லாத குடியேறிகளில் பெரும்பாலோருக்கு வாதாடவும் கூடாது. உங்களுக்கு அந்த வேலையில்தான் மனம் என்றால், அந்தப் பணம் வாங்காத அமைப்பைத் தேடுங்கள்.

பெயரைவிட முக்கியம், உங்களுக்கு மேலே யார் இருப்பார் என்பது. சேர்வதற்கு முன், போன வருஷம் அங்கே இருந்த மாணவர் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்களா என்ற ஒரே கேள்வி போதும்.

எனக்கு முன் அனுபவமே இல்ல. கவர் லெட்டர்ல என்ன எழுதறது?

விண்ணப்பங்களைப் படித்தபோது எனக்குச் சலித்துப்போன வாக்கியம், சமூக நீதியில் எனக்குச் சிறுவயது முதலே ஆழ்ந்த ஈடுபாடு உண்டு என்பது. பத்தில் எட்டுக் கடிதங்கள் அப்படித்தான் தொடங்கும். அதில் பொய் இல்லை, ஆனால் எழுதியவர் யார் என்று அதிலிருந்து தெரியாது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: அவள் அம்மா நெயில் சலூனில் வேலை பார்த்தவர், பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாள், முதலாளி டிப்ஸைப் பிரித்துக் கொடுக்கும்போது அம்மாவின் முகம் மாறுவதைப் பார்ப்பாள், அது ஏன் என்று லா ஸ்கூலில் தொழிலாளர் சட்டம் படித்தபோதுதான் புரிந்தது. மூன்றே வரி. அறையில் இருந்த ஐந்து பேரும் அவளைத் தேர்ந்தெடுத்தோம்.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும், அதை அனுபவம் என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்தது, அப்பாவின் விசா காகிதங்களைப் பன்னிரண்டு வயதில் நிரப்பியது, கோயிலில் வரி நிரப்ப உதவும் முகாமில் உட்கார்ந்தது எல்லாமே கணக்கில் வரும். அப்புறம், அந்த அலுவலகம் செய்யும் வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள், அதை வேறு அலுவலகத்துக்கு அப்படியே அனுப்ப முடிகிற மாதிரி இருந்தால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். பெரிய சட்ட நிறுவனங்கள் அதைப் பார்க்கிற அளவுக்கு இங்கே பார்ப்பதில்லை.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

ஏன் இந்த வேலை, ஏன் இந்த ஊர், எந்த மொழி பேசுவீர்கள், ஒருவர் உங்கள்மேல் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள். பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்கள் மட்டும் கொஞ்சம் நெருக்குவார்கள். கட்சிக்காரர் குற்றம் செய்ததாக உங்களிடம் சொல்லிவிட்டார், ஆனாலும் விசாரணைக்குப் போக வேண்டும் என்கிறார், என்ன செய்வீர்கள் என்பார்கள். முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்பது உங்கள் மனதில் பதிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பதில் தெரியாவிட்டால், மேலே இருக்கும் வழக்கறிஞரிடம் கேட்பேன் என்று சொல்வதும் சரியான பதிலே.

தமிழ் தெரிஞ்சிருக்கறதால ஏதாவது பிரயோஜனம் உண்டா? ஸ்பானிஷ்தானே கேக்கறாங்க?

ஸ்பானிஷ்தான் அதிகம் தேவைப்படும், உண்மை. ஆனால் தமிழ் தேவைப்படும் நாளில் அந்த அலுவலகத்தில் வேறு யாருமே இருக்க மாட்டார்கள். இலங்கைத் தமிழர்களின் அசைலம் (அரசியல் தஞ்சம்) வழக்குகள், உணவகச் சமையலறையில் வேலை பார்ப்பவர்களின் சம்பள பாக்கி, கணவர் விசாவை நம்பி வந்து வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் என்று எல்லாம் வரும். ரெஸ்யூமேயில் தமிழை மேலேயே போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியுமா, பேச மட்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடு. உணவகத்தில் சமையல்காரராக இருந்த ஓர் அண்ணன் சம்பள பாக்கிக்காக வந்திருந்தார். எனக்கு முன்பு போனில் வந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பேசியிருக்கிறார்கள். கோப்பைத் திறந்தால், கட்சிக்காரருக்கு வங்கிக் கணக்கு உண்டு, வேறு ஆதாரம் எதுவும் இல்லை என்று குறிப்பு. நான் உட்கார்ந்து கேட்டபோது அவர் சொன்னார், அன்னிக்கே சொன்னேனேம்மா, கணக்கு எழுதி வச்சிருக்கேன்னு. அடுத்த முறை ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்தார். ஊரிலிருந்து வரவழைத்த தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் காலை 10, இரவு 11.30 என்று எழுதியிருந்தது. ஒரு தாளில், பாப்பா பிறந்தநாள், லீவு கேட்டேன் தரல என்று இருந்தது. முதலாளி நேரக் கணக்கு வைக்காவிட்டால் தொழிலாளி நியாயமாக நம்பத்தக்க கணக்கைக் காட்டினாலே போதும் என்று 1946இல் மவுன்ட் கிளெமன்ஸ் பாட்டரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தாள்கள் அதற்கு அப்படியே பொருந்தின. இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய பாக்கியை மத்தியச் சட்டத்தில் பொதுவாகக் கேட்க முடியாது, முதலாளி வேண்டுமென்றே செய்திருந்தால் மூன்று வருஷம். அதனால் தேதி போட்ட ஒவ்வொரு தாளும் எங்களுக்குப் பணமாகத் தெரிந்தது.

கோர்ட்டில் மட்டும் நீங்கள் மொழிபெயர்ப்பாளராக நிற்காதீர்கள், அதற்குத் தனி ஆள் வேண்டும். அலுவலகம் அவசரத்தில் கேட்டாலும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கோர்ட்டுல பேச விடுவாங்களா?

மாநிலத்தைப் பொறுத்தது. மாணவர்கள் வழக்கறிஞரின் மேற்பார்வையில் ஆஜராக ஒவ்வொரு மாநிலத்திலும் தனி விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு முழு வருஷம் முடித்து, எவிடென்ஸ், சிவில் புரசீஜர் பாடங்களை முடித்தோ படித்துக்கொண்டோ இருந்தால் சான்றிதழ் வாங்கலாம். இரண்டாம் வருஷம் முடித்தால்தான் என்று சொல்லும் மாநிலங்களும் உண்டு. சான்றிதழுக்கு நாள் பிடிக்கும், எனவே வேலை கிடைத்த வாரமே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

நான் எஃப்-1. சம்பளமே இல்லாத வேலைக்கு எதுக்கு சிபிடி?

இந்தக் கேள்வியில் தப்பு செய்தால் அதன் விலை பெரிது, அதனால் மெதுவாகப் படியுங்கள். கோடைக்கு லா ஸ்கூல் தரும் தொகை அந்த வேலைக்காக வருவது. அதனால் இதைச் சம்பளமில்லாத தொண்டு என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசி, சிபிடி, அதாவது படிப்போடு இணைந்த வேலைக்கான அனுமதி, உங்கள் மாணவர் நிலையைக் காட்டும் ஐ-20 படிவத்தில் அச்சாகி வந்த பிறகே முதல் நாள் போங்கள்.

சிபிடிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், ஆகஸ்டில் சேர்ந்த ஜே.டி. மாணவருக்கு மே மாதம் அது முடிந்துவிடும். வேலை பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பதால், சில லா ஸ்கூல்களில் இதற்கென்று ஒரு சிறிய கிரெடிட் வகுப்பில் பதிவுசெய்யச் சொல்வார்கள். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்க மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி, போய்விடும். இரண்டு கோடை சேர்த்தாலும் ஐந்து மாதம்கூட ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உள்ள ஸ்டெம் நீட்டிப்பு சட்டப் படிப்புக்குக் கிடையாது, ஓபிடி 12 மாதம்தான், அதனால் அதைக் கோடைக்குச் செலவழிக்காமல் பட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு அலுவலகங்களில் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள், விண்ணப்பிக்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கணவர் எச்-1பி, நான் எச்-4ல லா ஸ்கூல் படிக்கறேன். நான் வாங்கலாமா?

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4இல் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்க முடியாது, சிபிடியும் எஃப்-1க்கு மட்டும்தான். கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் மனு) ஒப்புதல் வந்திருந்தால் 2015 விதிப்படி நீங்கள் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கையில் வந்துவிட்டால் ஃபெலோஷிப்புக்கு விசாவால் தடையில்லை. அட்டை வராத நிலையில், தொகையைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் எல்.எல்.எம். எனக்கும் உண்டா?

எல்.எல்.எம். ஒரு வருஷச் சட்ட மேற்படிப்பு என்பதால் உங்கள் கோடை பட்டத்துக்குப் பிறகு வருகிறது, ஜூலைக் கடைசியில் வழக்கறிஞராவதற்கான பார் எக்ஸாமும் இருக்கும். ஜே.டி. மாணவர்களுக்கான கோடைத் தொகைகள் பொதுவாக உங்களுக்குப் பொருந்தாது. பட்டத்துக்குப் பிறகான பொதுநல ஃபெலோஷிப் எல்.எல்.எம். மாணவர்களுக்கு இருக்கிறதா என்று உங்கள் லா ஸ்கூலில் தனியாகக் கேளுங்கள்.

இதுக்கு வரி கட்டணுமா? ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லையே?

கட்ட வேண்டும். டியூஷனுக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் ஸ்காலர்ஷிப்புக்குத்தான் விலக்கு, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வரும் பணத்துக்குக் கிடையாது. பல லா ஸ்கூல்கள் வரி பிடிக்காமல் முழுத் தொகையைக் கொடுத்துவிடும். அடுத்த ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்போது கையில் பணம் இருக்காது. கிடைத்த அன்றே ஒரு பகுதியை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். வருஷக் கடைசியில் 1,000 டாலருக்கு மேல் வரி வரும் என்றால் ஜூன் 15, செப்டம்பர் 15 தவணைகளையும் பாருங்கள்.

வரிக் கணக்கில் இன்னும் நான்-ரெசிடென்ட்டாக இருக்கும் எஃப்-1 மாணவருக்கு, ஃபெலோஷிப் என்று கொடுத்தால் 14 சதவீதம் முதலிலேயே பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு. அதைக் கேட்காமல் விட்டு இழந்தவர்கள் நிறையப் பேர்.

கிரெடிட்டும் பணமும் சேர்த்து வாங்கலாமா? ரெண்டு ஃபெலோஷிப்?

கிரெடிட் வாங்கும் களப்பணிக்குப் பணம் கூடாது என்ற தடையை அமெரிக்க பார் அசோசியேஷன் 2016இல் நீக்கிவிட்டது. இருந்தாலும் உங்கள் லா ஸ்கூல் தன் விதியில் வைத்திருக்கலாம். கோடைக் கிரெடிட்டுக்கு டியூஷன் கட்டச் சொல்வார்கள் என்பதையும் பாருங்கள், 4,000 டாலர் வாங்கி 3,000 டாலர் கட்டுவதில் என்ன பயன்? இரண்டு ஃபெலோஷிப் சேர்ப்பதில் பல இடங்களில் ஒரு மொத்த வரம்பு இருக்கும், வெளியிலிருந்து வந்த அளவுக்கு இவர்கள் குறைத்துக்கொள்வார்கள். மறைக்காமல் இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

ரெண்டாவது கோடையும் பொதுநலத்துக்கே போனா பிறகு வேலை கிடைக்குமா? கடன் இருக்கே?

உண்மையில் கனமான கேள்வி இதுதான். பெரிய நிறுவனங்கள் இரண்டாம் கோடைக்கு வந்தவர்களுக்குத்தான் பட்டத்துக்குப் பிறகு வேலை தருகின்றன, லீகல் எய்டில் அப்படி உடனே வாக்கு தர மாட்டார்கள். ஆனால் 1988 முதல் இருக்கும் ஸ்காடன் ஃபெலோஷிப், ஈக்வல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ் ஃபெலோஷிப் போன்ற இரண்டு வருஷ வேலைகளுக்கு, உங்களை ஏற்கும் அமைப்போடு சேர்ந்து மூன்றாம் வருஷத் தொடக்கத்திலேயே திட்டம் எழுதித் தர வேண்டும். இரண்டாம் கோடையில் எங்கே இருந்தீர்களோ அந்த அலுவலகம்தான் பெரும்பாலும் அந்த அமைப்பாக வரும்.

கடனுக்கு, 2007இல் வந்த பிஎஸ்எல்எஃப் என்ற பொதுப்பணிக் கடன் தள்ளுபடித் திட்டம் இருக்கிறது: அரசிலோ வரிவிலக்கு பெற்ற 501(சி)(3) தொண்டு அமைப்பிலோ முழுநேரம் வேலை பார்த்து 120 தவணை கட்டினால் மீதி மத்தியக் கடன் தள்ளுபடி. இந்தக் கோடை அதில் சேருமா என்றும் கேட்கிறார்கள். சேராது, படிக்கும்போது தவணையே ஓடுவதில்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற மத்தியக் கடன் கிடையாது. லா ஸ்கூலுக்கு மத்தியக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் தனியார் கடன் வாங்கினால் அதற்கு பிஎஸ்எல்எஃப் பொருந்தாது. இதை நினைவில் வைத்துத்தான் லா ஸ்கூலையே தேர்ந்தெடுக்க வேண்டும், முக்கியமாகக் கோடைத் தொகை உறுதியா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இவ்வளவு செலவு பண்ணிப் படிச்சு சும்மா வேலை பாக்கறதாங்கறாங்க.

என் அப்பாவும் இதையே கேட்டார். அவரிடம் வாதாடுவதை நிறுத்திவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவு, என்ன கற்றுக்கொள்வேன், பிறகு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம். எண்களைப் பார்த்ததும் பாதி இறங்கினார். மீதி, கோடையில் நான் தினமும் போனில் பேசியதில் இறங்கியது. பிள்ளை வீணாகிறாளோ என்ற பயத்தில்தான் கேட்கிறார்கள். சும்மா என்ற வார்த்தைக்குக் கோபப்படாதீர்கள்.

கோடையில பாத்த கேஸ்ல எதிர்த்தரப்பா இருந்த ஃபர்ம்ல அப்புறம் சேரலாமா?

பொதுவாக முடியும். அமெரிக்க பார் அசோசியேஷன் வழக்கறிஞர்களுக்கு வகுத்த மாதிரி ஒழுக்க விதி 1.10இன் விளக்கவுரையில், ஒருவர் மாணவராக இருந்தபோது செய்த வேலைக்காக மொத்த நிறுவனத்தையும் விலக்க வேண்டியதில்லை, அவரை மட்டும் அந்த வழக்கிலிருந்து தள்ளி வைத்தால் போதும் என்று இருக்கிறது. மாநில விதிகள் வேறுபடலாம். இதற்காகவே நீங்கள் தொட்ட வழக்குகளின் பட்டியலை, வழக்கின் பெயரும் எதிர்த்தரப்பும் மட்டும், எழுதி வையுங்கள்.

ரகசியம் காப்பது வேறு, அதற்கு முடிவே இல்லை. கோடை முடிந்த பிறகும், படிப்பு முடிந்த பிறகும் பேசக் கூடாது. காலண்டர் அண்ணன் கதையில் ஊரும் உணவகமும் வருஷமும் இல்லாதது அதனால்தான். நன்கொடையாளருக்கு எழுதும் நன்றி அறிக்கையில் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நடுவுல விட்டுட்டா பணத்தைத் திருப்பித் தரணுமா? அங்க வேலையே தரலன்னா?

ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வாரக் கணக்கு இருக்கும், அதற்குள் விலகினால் வேலை பார்த்த வாரங்கள் போக மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். உடல்நலக் காரணம் என்றால் பேசித் தீர்க்கலாம், சொல்லாமல் போகக் கூடாது. பாதிக் கோடையை நிறுவனத்திலும் பாதியை இங்கேயும் செலவிட நினைப்பவர்களும் இந்த வாரக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலையே தரவில்லை என்பது நடக்கிறது. என் இரண்டாம் கோடையில் முதல் மூன்று வாரம் என்னைக் கவனிக்க ஆள் இல்லை, அலமாரிக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறை வழக்கறிஞரிடம் போய், நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகும்போது நானும் வரலாமா என்று கேட்டேன். அதன்பிறகு நிற்க நேரமில்லை. இரண்டாவது வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள், அங்கேயும் நகரவில்லை என்றால் உடனே கேரியர் ஆபீஸுக்குச் சொல்லுங்கள்.

கடைசி வாரத்துல என்ன செய்யணும்?

நன்றிக் கடிதம், ஃபெலோஷிப் அறிக்கை, எழுதியவற்றில் ஒன்றைப் பெயர்கள் நீக்கி எழுத்து மாதிரியாகப் பயன்படுத்த அனுமதி, இவை எல்லோரும் செய்வார்கள். பலர் விட்டுவிடுவது, ஒப்படைப்பு மெமோ. உங்கள் கையில் இருந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பக்கம்: எது முடிந்தது, எது பாக்கி, அடுத்த தேதி எப்போது, கட்சிக்காரரை எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார். ஆகஸ்டில் நீங்கள் போன பிறகு அவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பார், அடுத்து வருபவர் அவரை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வைக்கக் கூடாது. அந்த அண்ணனின் கோப்பில் நான் எழுதிய மெமோவின் முதல் வரி இது: இவர் கணக்கு என்று சொன்னால் வங்கியைக் கேட்காதீர்கள், காலண்டர் தாள்களைக் கேளுங்கள், மொத்தம் 611 தாள்கள், மூன்றாவது அலமாரியில் நீல உறையில் இருக்கின்றன.